ஆறாத புண்ணுக்கு ஒளி மருந்தாகுமா?

நம் குடும்பங்களில் நீரிழிவு நோய் புதிதன்று. செருப்புக் கடித்த சிறு காயம் புண்ணாகி, அது ஆறாமல், முடிவில் கால்விரலையோ பாதத்தையோ அகற்ற நேர்ந்த கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். உணர்ச்சிக் குறைவும் இரத்த ஓட்டக் குறைவும் இதற்குக் காரணங்கள். புண்ணில் குடியேறும் பாக்டீரியா மருந்துக்கு அடங்காமல் போவது இன்னொரு காரணம். ஒளிபட்டால் செயல்படும் நுண்பொருள்களைக் கொண்டு அத்தகைய கிருமிகளை அழிக்க இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மருந்துக்கு அடங்காத கிருமி

தோல் புண்களில் அதிகம் காணப்படும் கிருமிகளுள் ஒன்று ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். பெனிசிலினைச் சிதைக்கும் நொதியை இக்கிருமி பெற்றுவிட்டதால், 1959இல் மெத்திசிலின் என்ற மருந்து அறிமுகமானது. 1961இல் அதற்கும் அடங்காத வகை இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. இன்று மருத்துவமனைகள் அஞ்சும் எம்.ஆர்.எஸ்.ஏ. அதுவே. 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களால் நேரடியாக உலகில் 12.7 இலட்சம் பேர் இறந்ததாக 2022இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வு மதிப்பிடுகிறது.

புண்ணில் கிருமிகள் பசை போன்ற ஒரு படலத்தை அமைத்து அதனுள் வாழ்கின்றன. இரத்த ஓட்டம் குறைந்த காலுக்கு மாத்திரையின் மருந்து போய்ச் சேர்வதே கடினம். சேர்ந்தாலும் இப்படலம் அதைத் தடுக்கிறது. அப்படியானால், வெளியிலிருந்தே புண்ணைத் தாக்கினால் என்ன?

ஒரு மாணவரின் கண்டுபிடிப்பு

இதற்கான விதை 1900ஆம் ஆண்டிலேயே விழுந்துவிட்டது. ஜெர்மனியின் மூனிக் நகரில், பேராசிரியர் ஹெர்மன் வான் தாப்பைனரிடம் பயின்ற ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பாரமீசியம் என்ற நுண்ணுயிரை வைத்து ஆராய்ந்தார். வெளிச்சத்தில் அவை விரைந்து மடிந்தன. இருளில் நெடுநேரம் பிழைத்தன. சாயமும் ஒளியும் சேர்ந்தபோதே அவ்வளவு விரைவாக உயிர் போயிற்று. ஒளியியக்கச் சிகிச்சையின் தொடக்கம் இதுதான்.

எவ்வாறு செயல்படுகிறது?

சாய மூலக்கூறு ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்கு அளிக்கிறது. ஆற்றல் பெற்ற ஆக்சிஜன், நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்கு நேரமே நீரில் நிலைத்திருக்கும். அதற்குள் அது கிருமியின் மேலுறை, புரதம், மரபணுப் பொருள் ஆகிய அனைத்தையும் தாக்குகிறது. வழக்கமான மருந்துகள் பெரும்பாலும் ஒரே இலக்கைக் குறிவைப்பவை. அந்த இலக்கை மாற்றிக்கொண்டு கிருமி தப்பிவிடும். பல முனைத் தாக்குதலில் அவ்வாறு தப்புவது அரிது.

ஆனால் அந்த ஆக்சிஜன் வெகுதூரம் செல்லாது. எனவே சாயம் கிருமியை ஒட்டியே இருக்க வேண்டும். இங்குதான் நானோ துகள்கள் உதவுகின்றன. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. ஆகவே நேர்மின்னூட்டம் கொண்ட துகளில் சாயத்தை ஏற்றினால் அது கிருமியோடு ஒட்டிக்கொள்ளும். தங்க நானோ தண்டுகள் வேறு வழியில் செயல்படுகின்றன. அகச்சிவப்புக்கு அண்மையான ஒளியை உறிஞ்சிச் சூடாகி, அவை படலத்தையும் கிருமியையும் சிதைக்கின்றன.

எல்லைகள்

சிவப்பு ஒளி தோலுக்குள் சில மில்லிமீட்டரே ஊடுருவும். எலும்பை எட்டிய தொற்றுக்கு அது போதாது. ஆக்சிஜன் குறைந்த புண்ணில் சாயத்தின் ஆற்றல் குன்றும். மிகுந்த வெப்பம் நல்ல திசுவையும் கெடுக்கும். துகள்கள் உடலில் எங்கே தங்குகின்றன என்பதும் ஆராயப்பட வேண்டும். எனவே இத்தகைய நுண்பொருள்களுள் பெரும்பாலானவை ஆய்வுக்கூட, விலங்குச் சோதனைக் கட்டத்திலேயே உள்ளன.

அவை நம் கைக்கு வரும்வரை, இருக்கும் மருந்துகளைக் காப்பது நம் கடமை. மருத்துவர் கூறிய அளவிலும் நாளிலும் மருந்தை உட்கொள்வோம். மிச்ச மருந்தை நாமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது, நீரிழிவுள்ள பெற்றோரின் பாதங்களை ஒருமுறை பாருங்கள். அவர்கள் உணராத காயம் உங்கள் கண்ணில் படலாம்.