இரு கிராபிக்ஸ் கார்டுகளுக்கு ஏற்ற தாய்ப்பலகை

நாஞ்சில் நாட்டு உழவர் ஒருவர் வயல் வாங்கப் புகுந்தால், அவ்வயலுக்கு மடை உண்டோ என்று மட்டும் வினவி அமையமாட்டார். எந்தக் காலினின்று நீர் வருகின்றது, தமக்கு முன்னர்ப் பாய்ச்சுவோர் எத்துணைப் பேர், வயல் தலைமடையோ கடைமடையோ என்பனவற்றை உசாவியறிந்த பின்னரே முன்பணம் கொடுப்பார். 1906ஆம் ஆண்டில் பேச்சிப்பாறை அணை முற்றுப்பெற்ற பின்னரும் கடைமடையாரின் கவலை அறவே ஒழிந்ததன்று. கணினிக்கு மதர்போர்டு என்னும் தாய்ப்பலகை வாங்கும் நம் மாணவரோ, அதன்மேல் நீண்ட ஸ்லாட்டுகள் இரண்டு இருத்தலைக் கண்ட அளவிலேயே இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் அதில் செவ்வனே இயங்கும் எனத் துணிந்துவிடுகின்றனர். இத்துணிவு பல்லாயிரம் ரூபாய் இழப்பில் முடிதலுங் கூடுமாதலின், இதுபற்றிச் சில கூறப்புகுந்தோம்.

முதற்கண், இரண்டு கார்டுகள் எதன்பொருட்டு? விளையாட்டின்பொருட்டாயின் வேண்டா என்பதே நம் விடை. 1998இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தார் தம் வூடூ2 கார்டுகள் இரண்டை ஒருங்கிணைத்து ஒரே படத்தை வரையச் செய்தனர். 2004இல் என்விடியா நிறுவனத்தார் எஸ்.எல்.ஐ. என்னும் அப்பெயரையே மீண்டும் எடுத்தாண்டனர். அம்முறை இப்பொழுது வழக்கொழிந்தது. 2021 முதல் அதற்கெனப் புதிய விளையாட்டுகளுக்கு உதவி சேர்த்தலை அவர்கள் நிறுத்தினர். 2022இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 40 வரிசைக் கார்டுகளில் இணைப்புவாயே இல்லை. ஆனால் முப்பரிமாணப் படம் ஆக்குவோரும், மொழி மாதிரிகளைத் தம் கணினியிலேயே இயக்க விழைவோரும் இரண்டு கார்டுகளை நாடுதற்குத் தக்க காரணம் உண்டு. 12 கிகாபைட் நினைவகமுடைய கார்டு ஒன்றில் அடங்காத மாதிரியை இரண்டு கூறாக்கி இரண்டிலும் ஏற்றலாம். தமிழில் ஆராய்ச்சி செய்யும் எளிய மாணவர்க்கு இஃதொரு பெரும் வாயில்.

இனிக் கால்வாய்க்கு வருவோம். செயலியினின்று கார்டுக்குச் செய்தி செல்லும் வழிகளை லேன் என்பர். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் நான்காம் பதிப்பில் ஒரு லேன் நொடிக்கு ஏறத்தாழ 2 கிகாபைட் சுமக்கும். பதினாறு லேன் ஏறத்தாழ 32. செயலியில் இவை அளவின்றி இல்லை. ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் உள்ளவை 28. அவற்றுள் 16 கிராபிக்ஸுக்கு உரியவை. 8 சேமிப்புக் கருவி முதலியவற்றுக்கு. எஞ்சிய 4 சிப்செட் என்னும் துணைச்சில்லுக்குச் செல்வன. ஆகவே நல்ல பலகை, இரண்டாவது கார்டு பொருத்தப்பட்டவுடன் அப்பதினாறையும் எட்டெட்டாகப் பகிர்ந்தளிக்கும். மலிவான பலகை பதினாறையும் முதல் ஸ்லாட்டுக்கே கொடுத்துவிட்டு, இரண்டாவதைச் சிப்செட்டின் பின்னே நிறுத்தும். அதுவே கடைமடை. அங்கே பெரும்பாலும் நான்கு லேன்களே உண்டு; அவற்றின் போக்குவரவும் வட்டு, யு.எஸ்.பி., வலைப்பின்னல் யாவும் செல்லும் அவ்வொரு சிறு வழியாகவே நிகழவேண்டும்.

புறத்தோற்றம் இங்கு ஏமாற்றும். நான்கு லேன் உடைய ஸ்லாட்டும் பதினாறு லேன் உடையது போன்றே நீண்டு விளங்கும். நம் மாணவருள் ஒருவர், தந்தையார் ரப்பர்ப் பால்வெட்டிச் சேர்த்த பணத்தைக் கொண்டு இத்தகைய பலகை ஒன்றை வாங்கினார். இரண்டு கார்டுகளும் ஒளிர்ந்தன. மாதிரியைப் பயிற்றுவிக்கப் புகுந்த பொழுதோ ஒன்று வேலைசெய்ய மற்றொன்று காத்திருந்தது. விளக்கொளியில் ஸ்லாட்டின் உள்ளே நோக்கியபோது, கணினியின் பின்புறத்தை அடுத்த சிறு பகுதியில் மட்டுமே உலோகத் தொடுமுனைகள் இருந்தன. அதனால் அவர் பணம் முழுதும் பாழாயிற்று என்னோம். முன்னரே பயிற்றப்பட்ட மாதிரியை இரு கூறாக்கி இயக்குதற்கும், பிளெண்டரில் படம் ஆக்குதற்கும் நான்கு லேன் பெரிதும் போதும். பயிற்றுவித்தலில்தான் கார்டுகள் ஒவ்வொரு படியிலும் ஒன்றோடொன்று கணக்கை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். அங்கே எட்டு எட்டு வேண்டும்.

இன்டெல் பலகைகளில் பி660, பி760 என்னும் சிப்செட் உடையன பதினாறைப் பகிரா. இசட்690, இசட்790 பகிரவல்லன. ஆயினும் அச்சிப்செட் பெற்ற பலகை யாவும் பகிரும் என்று கொள்ளுதல் தவறு. பகிர்தற்குரிய உறுப்புகளைப் பலகை செய்வோர் வைத்திருத்தல் வேண்டும், பலர் வைப்பதில்லை. இரண்டுக்கும் முழுப் பதினாறு வேண்டுவோர் 128 லேன் உடைய திரெட்ரிப்பர் புரோ போன்றவற்றை நாடலாம். அவற்றின் விலை கல்லூரித் துறைகளுக்கு இயல்வதன்றி மாணவர்க்கு இயல்வதன்று.

லேன் பொருந்தியும் இடம் பொருந்தாது கெட்டவை பல. ஏ.டி.எக்ஸ். பலகையில் ஏழு ஸ்லாட்டுகளுக்கு இடம் உண்டு. ஒன்றற்கும் அடுத்ததற்கும் இடைவெளி 20.32 மில்லிமீட்டர். இக்காலத்துக் கார்டு ஒன்று இரண்டு அல்லது மூன்று இடங்களை அடைத்துக்கொள்ளும். இரண்டிடக் கார்டு முதல் இடத்தில் இருக்க, இரண்டாவது நீண்ட ஸ்லாட்டு மூன்றாம் இடத்தில் அமையுமாயின், மேற்கார்டின் விசிறிக்கு மூச்சுவிட வழியில்லை. நான்காம் இடத்திலேனும் இருத்தல் நலம். ஏழாம் இடமாயின், கீழ்க்கார்டு பலகைக்கு வெளியே தொங்கும். எட்டு இடமுடைய கேபினெட் வேண்டும். பலகையின் கீழ்விளிம்பிலுள்ள இணைப்பு முனைகளும் மறைபடும். சித்திரைப் புழுக்கத்தில் அறையே கொதிக்கும் நம் ஊரில் இதனைச் சிறிதென்று விடலாகாது.

மின்சாரம் பற்றி இரண்டொரு சொல் போதும். ஸ்லாட்டு தருவது 75 வாட் மட்டுமே, எஞ்சியதை எஸ்.எம்.பி.எஸ். நேரே தரவேண்டும். ஆர்.டி.எக்ஸ். 3060 இரண்டு 340 வாட் கொள்ளும். இவற்றுக்கு 850 வாட் எஸ்.எம்.பி.எஸ். தாராளம். ஆர்.டி.எக்ஸ். 3090 இரண்டாயின் கார்டுகளே 700 வாட் உண்ணும். அங்கே 1200க்குக் குறைதல் கூடாது.

இவை யாவும் கடைக்காரரை வினவி அறியத்தக்கன அல்ல. ஒவ்வொரு பலகைக்கும் அதனைச் செய்தோர் வெளியிடும் கையேடு இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும். அதில் விரிவாக்க ஸ்லாட்டுகள் பற்றிய பக்கத்தை முதலிற் புரட்டுக. இரண்டாவது ஸ்லாட்டு செயலியினின்று வருவதாகவும், இரண்டும் நிரம்பின் எட்டு எட்டாவதாகவும் எழுதியிருப்பின் வாங்கலாம். சிப்செட்டினின்று என்றிருப்பின், தம் வேலை அதற்கு அடங்குமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பக்கத்தின் அடியிலுள்ள சிற்றெழுத்துக் குறிப்பையும் விடாது படிக்க, மூன்றாவது எம்.2 வட்டு பொருத்தின் இரண்டாவது ஸ்லாட்டு அடைபடும் என்பது போன்ற செய்திகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.