நாம் வாழும் நாட்டை அறிவோம்: முர்ட்டன் நகரின் மதிலும் வீதிகளும்

பேர்ண் நகருக்கு மேற்கே, ஏரிக்கரை மேட்டில் அமைந்த சிறு நகர் முர்ட்டன். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேரிங்கன் பிரபுக்கள் இதனை நிறுவினர். 1416இல் நகர் தீயில் எரிந்தது. அதன்பின் மக்கள் மரத்தை விட்டுக் கல்லால் வீடுகளைக் கட்டினர்.

1476 யூனில் பர்கண்டியின் சார்ள்ஸ் கோமகன் நகரை முற்றுகையிட்டார். பீரங்கிகள் மதிலை உடைத்தும் நகர் பணியவில்லை. யூன் 22இல் சுவிஸ் கூட்டணிப் படை வந்து கோமகனைத் தோற்கடித்தது. நகரைக் காத்த தளபதி அட்ரியான் வொன் பூபன்பேர்க். பேர்ண் புகையிரத நிலையத்தின் முன்னுள்ள சதுக்கம் அவர் பெயரையே தாங்குகிறது.

19ஆம் நூற்றாண்டில் பல சுவிஸ் நகரங்கள் தம் மதில்களை இடித்தன. முர்ட்டன் மதிலின் மேலோ நாம் இன்றும் நடக்கலாம். பிரதான வீதியில் மழை படாத வளைவுத் தாழ்வாரங்களும் அவற்றுள் கடைகளும் உள்ளன. ஆண்டுதோறும் யூன் 22இல் பாடசாலைப் பிள்ளைகள் வெண்ணுடை அணிந்து இவ்வீதிகளில் ஊர்வலம் செல்கின்றனர். ஊரின் வரலாற்றை அவர்கள் நடந்தே கற்கின்றனர்.

நம் பிள்ளைகளையும் அங்கே அழைத்துச் செல்வோம். அப்போது நல்லூரின் தேரோடும் வீதியையும், 1981இல் எரிக்கப்பட்டுப் பின் மீளக் கட்டப்பட்ட யாழ். நூலகத்தையும் சொல்லிக் கொடுப்போம். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு அவை வெறும் பெயர்களாகிவிடும்.