பாட்டியின் ஒரு ரூபாய்

கேள்வி: பாட்டியின் சுருக்குப்பையில் 1911 என்று பொறித்த வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் படம் உள்ளது. இதற்கு மதிப்பு உண்டா?

பதில்: உண்டு, நிச்சயமாக உண்டு! முதலில் ஒரு வேண்டுகோள்: புளியோ விபூதியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். காலம் ஏற்றிய கருமையைத்தான் சேகரிப்பாளர்கள் விரும்புவார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கினால் விலை சரிந்துவிடும்.

இனி ஒரு லென்ஸ் எடுத்து மன்னரின் அங்கியைப் பாருங்கள். அதில் சிறிய யானை ஒன்று இருக்கும். தும்பிக்கையும் கால்களும் குட்டையாக அமைந்ததால், பார்த்தவர்களுக்கு அது பன்றியாகவே தெரிந்தது. முஸ்லிம்களிடையே கடும் எதிர்ப்பு எழ, அரசு நாணயத்தைத் திரும்பப் பெற்றது. பெரும்பகுதியை உருக்கியும்விட்டார்கள். 1912-இல் யானையைத் திருத்தி, தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி வெளியிட்டார்கள். ‘பன்றி ரூபாய்’ என்ற பெயர் மட்டும் 1911-க்கு நிலைத்துவிட்டது.

எடை ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. போலிகள் நிறைய உலவுவதால் எடையை அவசியம் சரிபாருங்கள். அடுத்து வந்த ஆண்டுகளின் ரூபாய்கள் பெரும்பாலும் வெள்ளி விலையை ஒட்டியே போகும். உங்களுடையது அசலாக, தேயாமல் இருந்தால் அதைவிடக் கூடுதலாகவே கேட்கலாம். நகைக்கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நாணயக் கண்காட்சியில் இரண்டு மூன்று பேரிடமாவது காட்டிக் கேளுங்கள்.