பழைய காரும் புதிய வளியும்: குளிர்பதன வளியைத் தேர்தல்

முன்னுரை

மண்பானையில் ஊற்றிய நீர் கோடையிலும் குளிர்ந்திருப்பதை யாவரும் அறிவர். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. காரின் குளிர்சாதனமும் இந்நெறியிலேயே இயங்குகிறது. நீருக்கு மாற்றாக, மிகக் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும் ஒரு வளி அங்குக் குழாய்களுக்குள் சுழல்கிறது. பட்டறைகளில் இதனைக் 'கேஸ்' என்பர். திண்டுக்கல் போன்ற வெயில் மிகுந்த சமவெளி ஊர்களில் காண்டெசா, அம்பாசிடர் முதலிய பழைய கார்களைப் பேணுவோர் இன்றும் உளர். அவற்றின் குளிர்சாதனம் பழுதுற்றால் எந்த வளியை ஏற்றுவது? இவ்வினாவில் உரிமையாளரின் பொருளும், பழுதுபார்ப்பவரின் உயிரும், நம் தலைக்கு மேலுள்ள வானமும் அடங்கியிருத்தலின் இதனை ஆராய்தல் தகும்.

ஆர்-12 தோன்றி மறைந்த வரலாறு

தொடக்கக் காலக் குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வளிகளே பயன்பட்டன. கசிவு நேர்ந்தால் உயிருக்கே ஊறு. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியும் அவர்தம் குழுவினரும் நச்சில்லாததும் தீப்பற்றாததுமான குளோரோஃபுளூரோகார்பன் வளியைக் குளிர்பதனத்திற்குக் கண்டளித்தனர். அவ்வினத்தைச் சேர்ந்ததே ஆர்-12. வீட்டுப் பெட்டி முதல் கார் வரை அது பரவியது.

தரையில் தீங்கற்றதாயிருந்த அவ்வளி வானில் தீங்கு செய்தது. அதன் மூலக்கூறு சிதையாமல் வளிமண்டலத்தின் மேலடுக்கை அடைந்து, புறஊதாக் கதிரால் உடைந்து குளோரினை விடுவிக்கிறது. அக்குளோரின் ஓசோனைச் சிதைக்கிறது. இவ்வுண்மையை 1974இல் மொலினா, ரோலண்டு ஆகிய அறிவியலார் எடுத்துரைத்தனர். 1985இல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் பெரிதும் குறைந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர் வெளிப்படுத்தினர். 1987 செப்டம்பர் 16ஆம் நாள் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று.

இவ்வரலாறு நமக்குத் தொலைவில் நிகழ்ந்ததன்று. தமிழகத்தின் மேட்டூரிலும் இவ்வளியினம் உற்பத்தியாயிற்று. இந்தியா 1992இல் உடன்படிக்கையில் இணைந்தது. 2000ஆம் ஆண்டில் ஓசோனைச் சிதைக்கும் பொருள்களுக்கான கட்டுப்பாட்டு விதிகளை வகுத்தது. 2010ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஆஸ்துமா மருந்துக் குழல் போன்ற விலக்குகள் நீங்கலாக, வளரும் நாடுகளிலும் அதன் பயன்பாடு முடிவுற்றது. ஆகவே, ஆர்-12 வளிக்கென அமைந்த கார் இன்றும் ஓடுகிறது. அதன் வளியோ உற்பத்தியில் இல்லை.

மருத்துவத்தின் நான்கு கூறுகள்

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தை நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என நான்காக வகுத்தார். இப்பகுப்பு இங்கும் பொருந்தும். நோயுற்றது கார், தீர்ப்பவர் பட்டறைக்காரர், மருந்து வளி, உடனிருந்து உதவுவது வளியோடு சுழலும் எண்ணெய். பலர் மருந்தை மட்டும் மாற்றிவிட்டு, உதவுபவரை மறந்துவிடுகின்றனர். பழைய கார்களில் கம்ப்ரஸர் பழுதாவதற்கு இம்மறதி ஒரு பெருங்காரணம் எனலாம்.

ஆர்-12 கனிம எண்ணெயுடன் கலந்து, அதனைக் குழாய்கள் வழியே சுமந்து மீண்டும் கம்ப்ரஸரில் சேர்க்கிறது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ கனிம எண்ணெயுடன் கலப்பதில்லை. எண்ணெய் கூலிங் காயிலில் தங்கிவிடும். கம்ப்ரஸர் வறண்டு இறுகிவிடும். எனவே, பழைய எண்ணெயை இயன்றவரை வடித்துவிட்டு எஸ்டர் வகை எண்ணெயை இடுதல் வேண்டும். இது சிறிதளவு எஞ்சிய பழைய எண்ணெயைப் பொறுத்துக்கொள்ளும் இயல்புடையது.

வளிகளின் ஒப்பீடு

ஆர்-12 ஏறத்தாழ சுழியத்திற்குக் கீழ் 30 பாகை செல்சியசிலும், ஆர்-134ஏ சுழியத்திற்குக் கீழ் 26 பாகையிலும் கொதிக்கின்றன. கூலிங் காயிலின் பக்கத்தில் இரண்டின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரில் வேறுபாடு மிகுகிறது. 60 பாகையில் ஆர்-12இன் அழுத்தம் ஏறத்தாழ 15 பார். ஆர்-134ஏ வளிக்கு ஏறத்தாழ 17 பார். கோடை நண்பகலில் நெரிசலில் நிற்கும் காருக்கு இவ்வேறுபாடு பெரிது. ஆதலால் பழைய கண்டென்சரைத் தூய்மை செய்வதும், மின்விசிறியின் காற்றோட்டத்தைச் சீராக்குவதும், இயன்றால் புதுவகைக் கண்டென்சர் பொருத்துவதும் இன்றியமையாதன.

ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்வதில்லை. எனினும் புவியை வெப்பமாக்குவதில் ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறாண்டுக் கணக்கில் 1,430 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகும். ஆர்-12இன் அளவு 10,900 ஆகும். 2016இல் உருவான கிகாலித் திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. அதன்படி ஆர்-134ஏ உள்ளிட்ட வளியினத்தை 2032 முதல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆர்-1234ஒய்எஃப் என்னும் வளி புவியை மிகச் சிறிதே வெப்பமாக்கும். ஆயினும் அது சிறிது தீப்பற்றும் தன்மையுடையது, விலையும் மிகுதி. புதிய கார்களுக்கென அமைந்தது.

சமையல் எரிவாயு ஏற்றலாமா?

'எரிவாயுவை ஏற்றினாலும் குளிர்கிறதே' என்பர் சிலர். புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த வளி குளிர்விப்பது உண்மையே. வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளில் ஐசோபியூட்டேன் பயன்படுவதும் உண்மையே. ஆனால் அங்கு அதன் அளவு சில பத்துக் கிராம்களே; பெட்டியும் அதற்கெனவே வடிவமைக்கப்பட்டது. காரிலோ கூலிங் காயில் பயணிகள் அமரும் அறைக்குள்ளேயே உள்ளது. மூடிய அறையில் கசிவும் ஒரு தீப்பொறியும் சேர்ந்தால் விளைவு என்னாகும் என்பது வெளிப்படை. வீட்டு உருளையை இதற்குப் பயன்படுத்துவது சட்டத்திற்கும் புறம்பானது.

பெயர் தெரியாத உருளைகளும் ஆபத்தானவை. 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதனக் கொள்கலன்கள் வெடித்துத் தொழிலாளர் உயிரிழந்தனர். ஆர்-134ஏ என்ற பெயரில் விற்கப்பட்ட போலி வளியில் மெத்தில் குளோரைடு கலந்திருந்ததும், அது அலுமினியத்துடன் வினைபுரிந்ததுமே காரணமாகும்.

செய்முறை

வளி குறையாமல் இயங்கும் பழைய காரில் மாற்றம் தேவையில்லை. இருப்பதைக் காத்தலே சிறப்பு. வளி குறைந்திருப்பின் கசிவு உண்டென்பது பொருள். கசிவை அடைக்காமல் வளியை மேலும் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதற்கு ஒப்பாகும்.

மாற்றம் செய்வதெனின் முதலில் எஞ்சிய ஆர்-12 வளியை வெளியே விடாமல் உருளையில் மீட்க வேண்டும். வளி எஞ்சியுள்ள குழாயருகே தீச்சுடரைக் கொண்டுசெல்லலாகாது. சுடரில் அது நச்சுப் பொருள்களாகச் சிதையும். அடுத்து எண்ணெயையும் டிரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்றி, நைந்த ரப்பர் குழாய்களை நீக்க வேண்டும். நைட்ரஜன் செலுத்திக் கசிவைச் சோதித்து, அரைமணி நேரமேனும் வாக்யூம் போட வேண்டும். புதிய வளியைப் பழைய எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஏற்றத் தொடங்கி, அழுத்தமானி காட்டும் அளவைப் பார்த்துச் சரிசெய்தல் வேண்டும். நிறைவாக, ஏற்றும் வாயில் புதிய வளிக்குரிய இணைப்பைப் பொருத்தி, வளியின் பெயர், எண்ணெய், எடை, நாள் ஆகியவற்றை எழுதி ஒட்ட வேண்டும். அடுத்துத் திறக்கும் பட்டறைக்காரருக்கு அச்சீட்டே பாதுகாப்பு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இன்றைய நிலையில் பழைய காருக்கு எண்ணெயும் உறுப்புகளும் மாற்றி ஏற்றிய ஆர்-134ஏ வளியே தக்கது என்பது பெறப்படும். பூட்டுக்குப் பெயர்பெற்ற நம்மூரில், சேராத சாவியை வலிந்து திருப்பினால் பூட்டே பழுதாகும் என்பதைச் சிறாரும் அறிவர். வளியும் அத்தகையதே. தொழிற்கல்வி பயிலும் நம் பிள்ளைகள் வளியின் எண்ணை மட்டும் மனனம் செய்யாமல், அதன் எண்ணெயையும் அழுத்தத்தையும் கேடுகளையும் சேர்த்துக் கற்பாராயின், பட்டறைகளில் விபத்து குறையும். மக்கள் பணமும் வீணாகாது.