ஸ்டூடியோ வேலைக்கே போ, மருமகனே

ஈரோடு

அன்புள்ள மருமகனுக்கு,

உன் செய்தி வந்தது. குரல் பதிவாக அனுப்பாமல் எழுதி அனுப்பினாயே, அதற்கு நன்றி. எனக்கும் எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்ல வரும்.

கோயம்புத்தூரில் கல்யாண ஸ்டூடியோ ஒன்றில் கேமரா உதவியாளர் வேலை. சென்னையில் திருநர் நலனுக்காக நடக்கும் ஒரு தொண்டு அமைப்பில் செய்தித் தொடர்பு வேலை. இரண்டும் ஒரே வாரத்தில் வந்திருக்கின்றன. சென்னையில் சம்பளம் கூடுதல். நடுவில் டிவிக்காரர்கள் வேறு, 'தமிழ்நாட்டின் முதல் திருநம்பி கல்யாண போட்டோகிராபர்' என்று பேட்டி கேட்கிறார்கள். "அத்தை, நீங்க என்ன சொல்றீங்க?" என்கிறாய்.

ஸ்டூடியோவுக்குப் போ. பேட்டி இப்போதைக்கு வேண்டாம். இதைச் சொல்பவள் வாழ்நாளெல்லாம் அரசு ஆபீஸ் பில் செக்ஷனில் உட்கார்ந்து அடுத்தவர் சம்பளத்தைக் கணக்குப் போட்டவள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

பேட்டியை முதலில் முடித்துவிடலாம். நீ இன்னும் ஒரு கல்யாணம்கூடத் தனியாக எடுக்கவில்லை. அதற்குள் உன்னைப் பட்டம் கட்டி உட்கார வைக்கப் பார்க்கிறார்கள். முதல் ஆளாக இருப்பதில் பயன் இல்லை என்று சொல்லவரவில்லை. பிரித்திகா யாஷினியைப் பார். சேலத்துக்காரர். சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்குப் போட்ட விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். படிவத்தில் ஆண், பெண் தவிர வேறு கட்டமே இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2015 நவம்பரில் தீர்ப்பு வாங்கி, 2017-இல் தர்மபுரியில் வேலைக்குச் சேர்ந்தார். நாட்டின் முதல் திருநங்கை எஸ்.ஐ. என்று எல்லாப் பேப்பரும் படம் போட்டன. எனக்கு அந்தத் தீர்ப்பில் பிடித்த இடம் வேறு. அடுத்த தேர்விலிருந்து மூன்றாம் பாலினத்துக்கும் இடம் வைக்க வேண்டும் என்று சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்துக்குச் சொன்னார்கள் பார், அந்த இடம். அவர் முதல் ஆளாக வந்ததில் பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு படிவம் மாறியது. டிவி பேட்டியில் எந்தப் படிவமும் மாறாது.

முதல் ஆளாகிவிட்டால் மட்டும் வேலை நிலைத்துவிடாது. மேற்கு வங்கத்தில் மானபி பந்தோபாத்யாய என்ற பேராசிரியை 2015-இல் கிருஷ்ணநகர் மகளிர் கல்லூரிக்கு முதல்வரானார். நாட்டிலேயே முதல் திருநங்கைக் கல்லூரி முதல்வர். மறு வருடக் கடைசியில், கல்லூரியில் யாரும் ஒத்துழைக்கவில்லை என்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நியமன உத்தரவு கையில் இருந்தும் காலை பத்து மணிக்குப் போய் நிம்மதியாக உட்கார முடியாத வேலைகள் உண்டு, கண்ணு. என் ஆபீஸிலேயே வேறு காரணங்களுக்காக அப்படி நொந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிடத் தெளிவான பாடம் கொச்சி மெட்ரோவில் இருக்கிறது. 2017-இல் திருநர் 23 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். நல்ல காரியம், நல்ல மனதோடுதான் செய்தார்கள். முதல் மாதத்துக்குள்ளேயே சிலர் நின்றுவிட்டார்கள். வேலை பிடிக்காமல் இல்லை. ஊருக்குள் யாரும் வீடு வாடகைக்குத் தரவில்லை. லாட்ஜில் நாள் வாடகை கொடுத்தால் சம்பளம் அதற்கே போய்விடுகிறது. ஆள் எடுத்தவர்கள் டிக்கெட் கவுண்டர் வரைக்கும் யோசித்தார்கள், ராத்திரி படுக்க எங்கே போவார்கள் என்பதை யோசிக்கவில்லை.

அதனால் ஸ்டூடியோ முதலாளியிடம் சம்பளம் கேட்பதற்கு முன்னால் இதைக் கேள். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே யூனிட் மண்டபத்துக்குப் போய்விடும். வரவேற்பு முடிந்து லைட்டை இறக்கி, மெமரி கார்டை இரண்டு டிஸ்க்கில் ஏற்றி, பேட்டரி எல்லாம் சார்ஜில் போட்டுப் படுக்கும்போது மணி ஒன்றாகியிருக்கும். நாலரைக்கு முகூர்த்தம் என்றால் மூன்றரைக்குக் குளித்துத் தயாராக இருக்க வேண்டும். ஆண்கள் அறை என்று ஒன்றைத் திறந்துவிடுவார்கள். மேளக்காரர், சமையல்காரர், டிரைவர் என்று பத்துப் பதினைந்து பேர் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். தாழ்ப்பாள் சரியாக விழாத பாத்ரூம் ஒன்று. நீ எங்கே படுப்பாய், எங்கே சட்டை மாற்றுவாய்? இதை முதலாளி முகம் சுளிக்காமல் கேட்டு, "நீ நம்ம வேன்லயே படுத்துக்கலாம், பாத்ரூமுக்கு நான் சொல்லி வைக்கிறேன்" என்கிற மாதிரி ஒரு பதில் சொன்னால், அந்த ஆளை நம்பலாம். உனக்கு ஆதரவாளர் என்று நான் சொல்வது அப்படிப்பட்டவரை. ஜூன் மாதம் வானவில் கொடியை டிபியில் வைப்பவர்களையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மற்ற பையன்களுக்குக் கொடுக்கிற பேட்டாவையே உனக்கும் கொடுத்து, மாப்பிள்ளை வீட்டார் யாராவது குசுகுசுத்தால் "தம்பி என் அசிஸ்டென்ட், வேலை நல்லா தெரிஞ்சவன்" என்று ஒரு வரியில் முடித்து வைக்கிறவர் கிடைப்பது கஷ்டம். கிடைத்தால் விடாதே.

சென்னை அமைப்பின் வேலையை நான் மட்டமாகப் பேசவில்லை. திருநங்கையான ஏ. ரேவதி பெங்களூருவில் சங்கமா அமைப்பில் சின்ன வேலையில் சேர்ந்து இயக்குநர் வரை உயர்ந்தவர். திருநங்கைகளின் வாழ்க்கைகளைக் கேட்டுத் தொகுத்த 'உணர்வும் உருவமும்', தன் கதையான 'வெள்ளை மொழி' இரண்டும் அந்த அனுபவத்தில் விளைந்தவை. படி, வீட்டில் என்னிடம் இருக்கின்றன. ஆனால் அவர் தலைமுறையில் படித்தவருக்கும் திறமைசாலிக்கும் அமைப்பு வேலை தவிரக் கூப்பிட ஆள் இல்லை. உன்னை ஒருவர் உன் கைத்தொழிலுக்காகவே கூப்பிடுகிறார். அமைப்பில் நீ எடுக்கப்போவது கூட்டங்களையும் பேனர்களையும். நன்கொடை நின்றால் திட்டம் நிற்கும், திட்டம் நின்றால் சம்பளம் நிற்கும். அப்போது இருபத்தாறு வயதில், லைட் பிடிக்கத் தெரியாத போட்டோகிராபராக நிற்பாய்.

கலை விஷயத்துக்கு வருகிறேன். உன்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் உன் கதையைத்தான் கேட்பார்கள். திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யா தன் வாழ்க்கையை எழுதிய 'நான் வித்யா' 2007-இல் புத்தகமாக வந்தது. அதை வைத்துக் கன்னடத்தில் 'நானு அவனல்ல அவளு' என்று படம் எடுத்தார்கள். அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. நல்ல நடிகர், மறுப்பதற்கில்லை. இப்போது உயிரோடும் இல்லை. ஆனால் வாழ்க்கை ஒருவருடையது, கேமராவுக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் வேறு ஆட்கள் என்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. வித்யா நடிகையும்கூட, கண்ணு. அவரும் நண்பர்களும் சேர்ந்து 'பன்மை' என்று நாடகக் குழுவே நடத்தினார்கள்.

உனக்கு நான் சொல்ல விரும்பும் பெயர் சத்யா ராய் நாக்பால். திருநம்பி. புனே திரைப்படக் கல்லூரியில் படித்த ஒளிப்பதிவாளர். 'அன்ஹே கோரே தா தான்' என்ற பஞ்சாபிப் படத்துக்காகத் தேசிய விருது வாங்கினார். அது பஞ்சாப் கிராமத்துத் தலித் விவசாயக் கூலிகளின் கதை. அவருடைய சொந்தக் கதை இல்லை. பனி மூட்டத்தில் அந்த மனிதர்களை எடுத்திருக்கும் விதத்தைப் பார். 'அலிகர்' படத்துக்கும் அவர்தான் ஒளிப்பதிவு. அதே மனிதர் 'சம்பூர்ணா' என்று திருநருக்கும் இடைபாலினத்தவருக்கும் ஓர் அமைப்பையும் தொடங்கியவர். இரண்டையும் செய்தார், ஆனால் விருதுக் குழு அவரைக் கூப்பிட்டது வெளிச்சத்துக்காக. திருநங்கை நர்த்தகி நடராஜ் தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் வருடக்கணக்கில் கிடந்து பரதம் கற்றவர். 2019-இல் பத்மஸ்ரீ வந்தபோது மேடையில் அவரைப் பற்றிப் பேச நாட்டியக்காரர்களுக்கு நிறைய இருந்தது. இந்த இருவர் வழியில் நீயும் போனால் போதும் என்று ஆசைப்படுகிறேன். தாலி கட்டும் நேரத்தில், சொந்தக்காரர்கள் எல்லாரும் செல்போனைத் தூக்கிப் பிடித்து மறைக்கும்போது, பொண்ணின் முகத்தை எப்படிப் பிடிப்பது என்று முதலில் கற்றுக்கொள். உன் கதையை நாற்பது வயதிலும் எடுக்கலாம், அது எங்கேயும் ஓடிவிடாது.

அப்படியானால் சமூகத்துக்கு ஒன்றும் செய்யக்கூடாதா என்று கேட்பாய். செய். மனு எழுதக் கற்றுக்கொள். சிரிக்காதே. ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. 'உரிய நடவடிக்கை எடுக்குமாறு' என்று முடித்தால், 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று பதில் வரும். நாங்களே அப்படித்தான் அனுப்புவோம். என்ன வேண்டும், எந்த விதிப்படி, யார் தர வேண்டும் என்று எழுது. கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமைக் குறைதீர்க் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி போடு: நம் மாவட்டத்தில் திருநர் நல வாரிய அட்டை வாங்கியவர்களில் திருநம்பிகள் எத்தனை பேர்? நல வாரியம் 2008-இல் வந்தது. திருநம்பிகளான உங்களைப் பற்றிப் பேச்சே குறைவாக இருக்கிறது, அதனால் எண்ணிக்கையிலிருந்து தொடங்கு. கேரளத்தில் ஆடம் ஹாரி என்ற திருநம்பிக்கு, ஹார்மோன் எடுத்துக்கொள்கிறார் என்று விமானி ஆவதற்கான மருத்துவத் தகுதியை மறுத்தார்கள். அவர் விடவில்லை. 2022-இல் திருநர் விமானிகளுக்கான மருத்துவ வழிகாட்டுதலையே விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வெளியிட்டது. போராட்டம் கடைசியில் ஒரு தாளில் வந்து நின்றால்தான் எனக்குத் திருப்தி. குமாஸ்தா புத்தி என்று சொல்லிக்கொள்.

தாளில் வந்து நின்றதற்கு இன்னோர் உதாரணம்: கோவில்பட்டி பக்கம் மந்தித்தோப்பில் திருநங்கைகள் பால் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறார்கள். கிரேஸ் பானு முன்னின்று உழைத்தார், அப்போதைய தூத்துக்குடி கலெக்டர் சந்தீப் நந்தூரி துணை நின்றார். குடியிருப்புக்கே சந்தீப் நகர் என்று பெயர். நன்றிக்குப் பெயர் வைத்தது சரிதான். ஆனால் கலெக்டர்கள் மாற்றலாகிப் போய்விடுவார்கள். சங்கம் பதிவாகியிருக்கிறது, ஆவினுக்குப் பால் போகிறது, கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதை யாரும் மாற்றல் செய்ய முடியாது.

இனி என் துறை. முதல் சம்பளத்துக்கு முன்னால் உன் பெயர் எல்லா இடத்திலும் ஒன்றாக வேண்டும். 2019 சட்டத்தின் கீழ் வந்த 2020 விதிகள், மருத்துவப் பரிசோதனை கேட்காமல் உறுதிமொழிப் பத்திரத்தின் பேரில் மாவட்ட ஆட்சியர் சான்று தர வேண்டும் என்றன. இப்போது என்ன கேட்கிறார்கள் என்று கலெக்டர் ஆபீஸில் விசாரித்து, அந்தச் சான்றை வாங்கிக்கொண்டு மற்றதைத் தொடங்கு. பெரிய தடங்கல் உன் புதுப் பெயரில் வராது, இனிஷியலில் வரும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், ஆதாரில் புள்ளி இல்லாமல். பி.எஃப். கணக்கில் ஓர் எழுத்து இடித்தாலும் பணம் எடுக்கும்போது திருப்பி அனுப்புவார்கள். அரசிதழில் பெயர் மாற்றம் போடுகிறபோதே எந்த எழுத்து எங்கே என்று முடிவு செய்து, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஒப்பாக மாற்று. அரசிதழ்ப் பிரதி பத்து ஜெராக்ஸ் எடுத்து வை. ஹார்மோன் ஊசிக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ஆகும் செலவைச் சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்து வைத்துவிடு. டாக்டர் சொன்ன தேதி முகூர்த்த நாளில் விழுந்தால் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்.

உங்கப்பா இன்னும் வாய் தவறிப் பழைய பெயரைச் சொல்கிறார்தான். திருத்து, சண்டை வேண்டாம். போன வாரம் என்னிடம் வந்து, "கேமராவைத் தூக்கிட்டு அலையறதெல்லாம் ஒரு பொழப்பா, பி.காம் படிச்சிருக்கலாம்ல" என்று ஒரு மணி நேரம் புலம்பினார். புலம்பல் முழுக்க கேமராவைப் பற்றித்தான். நல்ல சகுனமாக எடுத்துக்கொள்.

ஐம்பது எம்எம் லென்ஸ் வாங்க வேண்டும் என்றாயே, பணம் தருகிறேன். கடனாகத்தான், மாதாமாதம் திருப்பித் தர வேண்டும், வட்டி கிடையாது. பழைய பெயரிலுள்ள கணக்குக்குப் போட மாட்டேன். புதுப் பெயரில் பாஸ்புக் வந்ததும் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. இனிஷியல் தெளிவாகத் தெரியட்டும்.

அன்புடன்,
அத்தை