பாதி விலை ஐ7

ஜூன் மாதம் பிறந்தால் போதும், பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பும் அப்பாக்கள் இதையே சொல்கிறார்கள்: "பிராண்டட் வாங்குறவன் ஏமாளி சார். ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிள் பண்ணினா அதே கம்ப்யூட்டர் பாதி விலை." யார் சொன்னது என்று கேட்டால் மச்சினன் என்பார்கள். அந்த மச்சினனை ஒருநாள் உட்காரவைத்து, அவன் வாங்கி வந்த பாதி விலைக் கொட்டேஷனை வரி வரியாக வாசிக்கவைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

90களில் இந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. கம்பெனிப் பெட்டியின் விலையைக் கேட்டாலே மயக்கம் வரும் காலம் அது. இன்று இரண்டு பெட்டிக்குள்ளும் இருப்பது அதே இன்டெல் அல்லது ஏஎம்டி புராசஸர். ராமைப் புரட்டிப் பார்த்தால் சிப் பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றில் ஒன்று. அதை லட்சக்கணக்கில் வாங்குகிறவனுக்குக் கிடைக்காத விலை, ஒன்றே ஒன்று வாங்கும் உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும்?

கிடைக்கிறது என்றால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள். முதலில் பில். கம்ப்யூட்டருக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். "பில் வேணாம்னா இந்த ரேட்" என்றதும் அது கழிகிறது. கூடவே வாரண்டியும் போகிறது. அடுத்து விண்டோஸ். கம்பெனிப் பெட்டிகள் பலவற்றில் லைசென்ஸ் காசு விலையிலேயே சேர்ந்திருக்கும். கொட்டேஷனிலோ 'ஓஎஸ் லோடிங் ஃப்ரீ' என்று போட்டிருப்பார்கள். திருட்டு விண்டோஸுக்குக் கடைக்காரர் வைத்த பெயர் அது.

புராசஸருக்கு வருவோம். 'கோர் ஐ7, 16 ஜிபி ராம்' என்று விளம்பரம். விலையைக் கேட்டால் நம்ப முடியாது. சரி, எந்த ஐ7? அதை யாரும் கேட்பதில்லை. திறந்து பார்த்தால் ஐ7-2600 இருக்கும். 2011இல் வந்த சரக்கு. ஏதோ ஆபீஸ் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, புதிதாகப் பளபளக்கும் எச்61 போர்டில் உட்காரவைத்திருப்பார்கள். 2022இல் வந்த சாதாரண ஐ3-12100 அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் ஒரே தலைமுறைக்குள் போடும் வரிசை. தலைமுறை தெரியாமல் ஐ7 என்று மட்டும் சொல்வது, ஊர் பேர் சொல்லாமல் 'எங்க சித்தப்பா கலெக்டர்' என்பது போல. இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள எதையும் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பிறகு அந்த ஐ7இல் எதை ஓட்டுவீர்கள்?

இவ்வளவையும் மன்னித்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸை மன்னிக்க முடியாது. மலிவு கேபினெட்டோடு சும்மா வரும். ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் 450 வாட். அதை விடுங்கள், கீழே சின்னக் கட்டங்களில் +12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் முக்கியமாக இழுப்பது அதிலிருந்துதான். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் பன்னிரண்டால் பெருக்குங்கள்: 192 வாட். 450 எங்கே, 192 எங்கே? கையில் எடுத்தால் காலி டப்பாவாட்டம் இருக்கும். நான் திறந்து பார்த்த சிலவற்றில் ஃபில்டர் காயில் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள்.

உருப்படியான பாகங்கள், முறையான பில், லைசென்ஸ் எல்லாம் சேர்த்துக் கூட்டினால், டேலி, பிரவுசிங், பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு என்ற அளவுக்கான கம்ப்யூட்டரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். சில நேரம் கம்பெனிப் பெட்டியே குறைவு. கேம், வீடியோ எடிட்டிங் என்று தனி கிராபிக்ஸ் கார்டு தேவைப்படுகிறவர்கள் தாராளமாக அசெம்பிள் செய்யட்டும். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்பது அவர்கள் கையில் இருக்கும்.

மற்ற கதைகளுக்கு ஒரு வரி போதும். அசெம்பிள் செய்தால் வாரண்டி கிடையாது என்பது பொய். பாகத்துக்குப் பாகம் உண்டு, பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும், ஆளுக்கொரு சர்வீஸ் சென்டர் என்று அலையத் தெம்பும் வேண்டும். பிராண்டட் ரிப்பேரே ஆகாதா? ஆகும். அப்போதுதான் தெரியும், பல மாடல்களில் கடையில் விற்கிற எஸ்எம்பிஎஸ் பொருந்தவே பொருந்தாது என்று. பெரிய எஸ்எம்பிஎஸ் போட்டால் கரண்ட் பில் ஏறும் என்பார்கள். 650 வாட் என்பது அதனால் கொடுக்க முடிந்த அளவு, கம்ப்யூட்டர் கேட்டதைத்தான் இழுக்கும். மாட்டுவதற்கு இன்ஜினியர் வேண்டியதில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பெண் போதும். பவர் பட்டன் ஒயர்களை மட்டும் மதர்போர்டு புத்தகத்தைப் பார்த்துச் செருகட்டும்.

ஆனால் "கேபினெட்டைத் தொட்டா லேசா ஷாக் அடிக்கும், கம்ப்யூட்டர்னா அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். அப்படியெல்லாம் கிடையாது, உங்கள் வீட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் கேபினெட் உலோகத்தோடு இணைந்திருக்கும். அவற்றின் வழியே கசியும் துளி மின்சாரம் எர்த்துக்குப் போய்விட வேண்டும். போக வழியில்லாவிட்டால் கேபினெட் சுமார் 115 வோல்ட்டில் நிற்கும். இன்றைக்கு அது வெறும் சுருக்கென்ற கூச்சம். உள்ளே ஒரு ஃபேஸ் ஒயர் கழன்று உலோகத்தில் பட்டால் கூச்சத்தோடு நிற்காது. ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கியதை இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் செருகுகிறவர்களை என்னவென்று சொல்வது!

பிராண்டட்டோ அசெம்பிள்டோ, பெட்டி வீட்டுக்கு வருமுன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயின்ட்டில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட். கணக்கு உதைத்தால் கம்ப்யூட்டரைத் தள்ளிப்போட்டு, முதலில் எர்த் குழியைச் சரிசெய்யுங்கள்.