புதிய மோட்டார் வண்டிக்கு ஏற்ற எண்ணெயும் வடிகட்டியும்

மோட்டார் வண்டி உடையார் பலர். அதன் பொறியினுள் ஓடும் எண்ணெயின் இயல்பை ஆராய்ந்து அறிந்தார் சிலர். வண்டியின் நிறத்தையும் இருக்கையின் மென்மையையும் பன்முறை பார்த்து வாங்கும் நாம், எண்ணெயை மட்டும் கடைக்காரர் எடுத்துத் தந்தபடியே வாங்கி வருகின்றோம். முன்னாளில் இதனாற் பெருங்கேடு விளைந்ததில்லை. அக்காலத்துப் பொறிகள் இடைவெளி அகன்றவை. எவ்வெண்ணெயை வார்ப்பினும் ஒருவாறு பொறுத்துக்கொண்டன. இக்காலத்துப் பொறிகளோ அத்தகைய பொறுமை உடையன அல்ல.

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி மீண்டும் திறந்தது. திறந்த பின்னரும், வரியோடு கூடிய விலை நடுத்தரக் குடும்பம் ஒன்றின் பல்லாண்டுச் சேமிப்பை விழுங்குவதாகவே உள்ளது. ஆகலின், கையிலுள்ள வண்டியை நெடுங்காலம் பேணுதல் நமக்கு இன்றியமையாத கடமையாயிற்று. எண்ணெயும் பொறியின் உறுப்புக்களுள் ஒன்றே. ஏனை உறுப்புக்களை அளவறிந்து பொருத்துவது போலவே எண்ணெயையும் அளவறிந்து வார்த்தல் வேண்டும் என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணெய் ஆற்றும் தொழில் யாது? உராய்வைக் குறைத்தல், வெப்பத்தைக் கொண்டு செல்லுதல், கரியையும் துகளையும் கழுவி எடுத்தல், துருப் பிடியாது காத்தல் என்பன அதன் தொழில்கள். இவற்றுள் முதலாவதே தலையாயது. சுழலும் தண்டுக்கும் அதனைத் தாங்கும் உறைக்கும் இடையே உள்ள வெளி, ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு சிலவே. தண்டு சுழலும்போது எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று ஆப்புப்போல் அவ்விடைவெளியிற் செலுத்துகின்றது. அதனால் எழும் அமுக்கமே தண்டை உயர்த்தி, உலோகம் உலோகத்தைத் தீண்டாவண்ணம் மிதக்கச் செய்கின்றது. இவ்வமுக்கத்தை 1883ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே போச்சம் ரவர் என்பார் பரிசோதனையாற் கண்டார். 1886இல் ஒசுபோண் இரேனோல்சு என்பார் அதற்குக் கணிதவிளக்கம் தந்தார். எண்ணெய்ப் படலத்தின் தடிப்பு, எண்ணெயின் பிசுக்குமை, சுழலும் வேகம், தாங்கும் பாரம் என்பவற்றில் தங்கியுள்ளது. எனவே, இடைவெளியையும் பாரத்தையும் வகுத்தவரே அவற்றுக்கு ஏற்ற பிசுக்குமையையும் வகுத்தற்கு உரியவர் என்பது தெளிவு.

இனி, தகரத்தின்மேற் காணப்படும் இலக்கங்களை நோக்குவோம். பிசுக்குமையை வகைப்படுத்தும் முறையை அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 1911இல் தொடங்கிற்று. அச்சங்கத்தின் பெயரெழுத்துக்களே எஸ்.ஏ.ஈ. என்று தகரத்தில் இன்றும் காணப்படுவன. 0டபிள்யூ-20 என்பதில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள இலக்கம், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக இயங்கும் என்பதைச் சொல்லும். பின்னுள்ள இலக்கமோ, 100 பாகை செல்சியசு வெப்பநிலையில் அதன் பிசுக்குமை எவ்வெல்லைக்குள் அடங்கும் என்பதைச் சொல்லும். 20 என்னும் தரத்துக்கு அவ்வெல்லை 6.9 முதல் 9.3 செந்திஸ்டோக்ஸ் வரை. 50 என்னும் தரத்துக்கு 16.3 முதல் 21.9 வரை. ஆதலால் இவ்விலக்கங்கள் தடிப்பை அளப்பன. தரத்தின் உயர்வு தாழ்வை அளப்பன அல்ல. தடித்த எண்ணெயே வலிய எண்ணெய் எனக் கருதுதல், பெரிய சட்டையே நல்ல சட்டை எனக் கருதுதலை ஒக்கும்.

“நம் நாடோ வெப்பநாடு, குளிர்நாட்டார் வகுத்த மெல்லிய எண்ணெய் இங்கு உதவுமா?” என்று வினவுவார் உளர். கராச்சுகளிலும் கடைகளிலும் நாள்தோறும் கேட்கும் வினா இதுவே. வினா நியாயமானது, ஆயினும் விடை வேறு. பொறியின் குளிர்நீரின் சூட்டைத் தேமோஸ்தற்று என்னும் கருவி ஏறத்தாழ 80 முதல் 90 பாகை வரையில் நிறுத்தி வைக்கின்றது. நுவரெலியாவிற் காலை 15 பாகையாயினும், யாழ்ப்பாணத்தில் நண்பகல் 33 பாகையாயினும், சூடேறிய பொறியினுள் எண்ணெய் ஏறக்குறைய 90 முதல் 110 பாகையிலேயே ஓடும். வெளியே உள்ள வேறுபாடு உள்ளே பெரிதும் தேய்ந்துவிடுகின்றது.

மாறாக, தடித்த எண்ணெயினால் வரும் இடர் பொறி சூடேறுமுன் தோன்றுவது. 40 பாகையில் 0டபிள்யூ-20 எண்ணெயின் பிசுக்குமை பொதுவாக 40 முதல் 50 செந்திஸ்டோக்ஸ் வரை இருக்கும். 20டபிள்யூ-50 எண்ணெயினதோ 150ஐயும் கடக்கும். காலையிற் பொறியை இயக்கும்போது இம்மும்மடங்குத் தடிப்பை ஒடுங்கிய துளைகளூடாகப் பம்பி தள்ளவேண்டும். புதிய பொறிகளில் வாயில்கள் திறக்கும் நேரத்தை மாற்றும் கருவி எண்ணெயின் அமுக்கத்தினாலேயே இயங்குவது. தடித்த எண்ணெயில் அது காலந்தாழ்த்தும். பெற்றோலும் மின்னும் கலந்து ஓடும் ஹைபிரிட் வண்டிகளில் பொறி அடிக்கடி நின்று நின்று புறப்படுவதால், அது முற்றாகச் சூடேறாமலே நெடுநேரம் உழைக்கின்றது. யப்பானிலிருந்து நம் நாட்டிற்கு வந்த சிறு வண்டிகள் பலவற்றிற்கு 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்னும் எண்ணெய்கள் விதிக்கப்பட்டமைக்கு எரிபொருட் சிக்கனத்தோடு இவையும் காரணங்களாம்.

இதனால், விதித்த தரத்தின் மேல் ஒரு படியும் ஏறலாகாது என்பது நம் கருத்தன்று. செய்தவர் தரும் கைந்நூல்கள் சிலவற்றில், வெளி வெப்பநிலைக்கேற்பப் பல தரங்களைக் காட்டும் அட்டவணை உண்டு. மிகுந்த வேகத்திலோ பெரும் பாரத்துடனோ செல்வார்க்குச் சற்றுத் தடித்த எண்ணெய் பொருந்தலாம் எனச் சில கைந்நூல்கள் வெளிப்படையாகவே கூறுகின்றன. அவ்வனுமதியின் எல்லைக்குள் தெரிந்துகொள்க; அதற்கு வெளியே செல்லற்க. யப்பான் நாட்டுப் பாவனைக்கெனச் செய்யப்பட்ட வண்டியாயின் கைந்நூல் அந்நாட்டு மொழியில் இருக்கும். மொழி விளங்காவிடினும் எண்ணெய்ப் பக்கத்திலுள்ள இலக்கங்கள் விளங்கும். பல வண்டிகளில் எண்ணெய் வார்க்கும் வாயின் மூடியிலேயே அவ்விலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும்.

பிசுக்குமை பொருந்தியமட்டில் தெரிவு நிறைவுறாது. அமெரிக்கப் பெற்றோலிய நிலையத்தின் ஏ.பி.ஐ. என்னும் வட்டச் சின்னத்தினுள் எஸ். என்று தொடங்கும் ஈரெழுத்துப் பெற்றோற் பொறிக்குரிய தரத்தைக் காட்டும். அகரவரிசையிற் பின்வரும் எழுத்துப் பிந்திய தரமாகும். 2020 மே மாதத்தில் வந்த எஸ்.பி. என்னும் தரத்திற்கு ஒரு சிறப்புண்டு. காற்றைச் சுழலியால் அமுக்கிச் செலுத்தும் சிறிய ரேபோப் பொறிகளில், தாழ்ந்த வேகத்திற் பெரும்பாரம் இழுக்கும்போது, தீப்பொறி எழுமுன்னரே கலவை தீப்பற்றி ஆடுதண்டை உடைக்கும் கேடு நேர்வதுண்டு. எண்ணெயிற் கல்சியம் சேர்ந்த கழுவுபொருள் மிகுந்தால் இக்கேடு மிகும் என்று கண்டு, அதன் ஒரு பகுதிக்கு மகனீசியத்தைப் பயன்படுத்தலாயினர். நேரச் சங்கிலி தேயாது காக்கும் பரிசோதனையும் அத்தரத்திற் சேர்ந்தது. ஆதலால் ரேபோப் பொறியுடையார், எஸ்.பி.க்கு முந்திய தரமுள்ள எண்ணெயை விலை மலிவு கருதி வாங்குதல் தகாது. புகைக்கரி வடிகட்டி பூண்ட டீசல் வண்டிக்கோ சாம்பல் குறைந்த எண்ணெய் வேண்டும். அதற்கு ஐரோப்பியரின் சி. வகைத் தரங்கள் உள்ளன. “முழுச் செயற்கை” என்னும் சொல் மட்டும் தகரத்திற் பெரிதாக இருத்தல் போதாது. கைந்நூலிற் கண்ட இலக்கமும் எழுத்தும் அதே தகரத்தில் இருத்தல் வேண்டும்.

இனி வடிகட்டியைப் பற்றிச் சிறிது கூறுவோம். வண்டிக்கென எண்ணெய் வடிகட்டியை 1923இல் அமெரிக்காவிலே ஆக்கியோர் ஏர்னஸ்ற் சுவீற்லண்டும் அவர்தம் துணைவரும் ஆவர். இக்காலப் பொறியிற் பம்பி தள்ளும் எண்ணெய் முழுவதும் வடிகட்டியூடாகவே தாங்கிகளை அடைகின்றது. வெளியிலிருந்து நோக்கின் அஃது ஒரு தகரக் குவளையே. உள்ளே மடிப்பு மடிப்பாக அமைந்த வடிதாளும் இரு வாயில்களும் உள. தாள் அடைபட்டபோதும் எண்ணெய் தடித்தபோதும் திறந்து, வடியாத எண்ணெயையேனும் பொறிக்குச் செலுத்துவது ஒரு வாயில். வடியாத எண்ணெய் தீது. எண்ணெயே இன்மை அதனினும் பன்மடங்கு தீது என்னும் அறிவின் வழிப்பட்டது அது. பொறி நின்றபின் எண்ணெய் பின்னோக்கி வடிந்து போகாமற் காக்கும் இறப்பர் வளையம் மற்றைய வாயில். இது கெட்டால், காலையில் இயக்கியவுடன் சில கணம் பொறி வறண்டு கலகலத்து ஒலிக்கும்.

முதல் வாயில் திறக்கும் அமுக்கம் வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆகவே, திருகு பொருந்துகின்றது என்பதனால் மட்டும் ஒரு வடிகட்டி நம் வண்டிக்குரியது ஆகிவிடாது. பகுதி இலக்கத்தை ஒப்புநோக்கி வாங்குக. எண்ணெய் மாற்றுந்தோறும் வடிகட்டியையும் மாற்றுக. புதிய எண்ணெயைப் பழைய அழுக்கினூடே செலுத்துதல் சிக்கனமாகாது. பழைய வடிகட்டியின் இறப்பர் வளையம் பொறியில் ஒட்டி நிற்கின்றதா என்று பார்த்து நீக்குக. இரண்டு வளையம் ஒன்றின்மேலொன்று அமைந்தால் எண்ணெய் முழுவதும் சில நிமிடத்திற் பீறிட்டு வெளியேறிப் பொறி இறுகிப்போகும். புதிய வளையத்தில் எண்ணெய் தடவிக் கையாற் பூட்டுக. வளையம் தொட்டபின் முக்காற் சுற்று என்பது பெரும்பான்மையான விதி. தாட்கூடு மட்டும் மாற்றும் வகையாயின் மூடியின் வளையத்தையும் உடன் மாற்றுக.

எத்துணைக் காலத்துக்கு ஒருமுறை மாற்றுவது? கைந்நூல் கிலோமீற்றரையும் மாதத்தையும் சேர்த்தே கூறும். எது முந்துகின்றதோ அதுவே கணக்கு. வீட்டிலிருந்து சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக இரண்டு மூன்று கிலோமீற்றர் மட்டும் ஓடும் வண்டி குறைவாக உழைக்கின்றது என்று எண்ணற்க. சூடேறாத பொறியில் நீராவியும் எரியாத பெற்றோலும் எண்ணெயிற் கலக்கின்றன. அது கடும்பாவனை எனவே கொள்ளப்படும். புழுதி வீதியும் அவ்வாறே. எண்ணெயின் மட்டத்தைச் சமதரையில் நிறுத்தி மாதம் ஒரு முறையேனும் நோக்குக. மேற்குறிக்கு மேல் வார்த்தலும் கேடே.

போலி எண்ணெயிலிருந்தும் நம்மைக் காத்தல் வேண்டும். மூடியின் முத்திரையையும் தொகுதி இலக்கத்தையும் பார்த்துப் பற்றுச்சீட்டுடன் வாங்குக. வெறுந்தகரத்தைத் துளையிட்ட பின்னரே எறிக. அன்றேல் அதுவே மறுநாள் போலியின் கலமாகும். கழித்த எண்ணெயை நிலத்தில் ஊற்றுதலோ பெருந்தீங்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கீழே கிணற்றுநீரைச் சேரும். பொறியில் உழைத்துக் கரிந்த எண்ணெயிற் புற்றுநோய் விளைக்கும் பொருள்கள் உண்டு. அதனை மூடிய கலத்திற் சேர்த்து, பழைய எண்ணெய் சேகரிப்பாரிடம் ஒப்புவித்தலே அறம்.

விஞ்ஞான கூடத்திற் பிசுக்குமையை அளந்து குறிப்பேட்டில் எழுதும் மாணவர், அதே பிசுக்குமை வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியினுள்ளும் உழைக்கின்றது என்பதை உணர்வாராக. பழைய மாணவர்களாகிய நாமும், “எல்லாரும் இதைத்தான் வார்க்கின்றனர்” என்னும் சொல்லோடு அமையாது, கைந்நூலைத் திறந்து, தரமும் இலக்கமும் நோக்கி, மாற்றிய நாளையும் ஓடிய தூரத்தையும் ஒரு சிறு கொப்பியிற் குறித்து வைப்போமாக. அரைமணி நேர வாசிப்பு, அரும்பாடுபட்டுத் தேடிய பொருளைப் பல்லாண்டு காக்கும்.